எந்த பையரோட ப்ளூ?

என் கைக்கு ஸ்குரூ டிரைவர் வந்தால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு இது புதிதல்ல... நான் ரிப்பேர் பார்த்துக் கெடுத்த மிக்ஸியின் கதையை அதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் போன புதன்கிழமை எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் மனைவி பூங்கொடி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தவள். வெளிநாட்டு பையர் கேட்ட கலரில், கேட்ட தேதியில் சரக்கு போகிறதா என்று பார்க்கிற வேலை. அதை விட்டுவிட்டு இப்போது சொந்தமாக ஒரு சின்ன யூனிட். குன்னத்தூர் ரோட்டில், முன்பு பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடிய பழைய ஷெட். முதல் ஆர்டர் கிடைக்க வேண்டுமென்றால் சாம்பிள் பாஸாக வேண்டும். அது பையரின் உள்ளூர் பையிங் ஆபீஸிலிருந்து ஐந்து மணி கூரியரில் போயாக வேண்டும். டி-ஷர்ட்டின் கீழ்மடிப்பு மட்டும் பாக்கி – அதைத் தைக்கிற புது பேட்லாக் மெஷின் அன்றைக்கு மத்தியானம்தான் வந்து இறங்கியது.

இறங்கியது சரி... பிளக் எங்கே? ஒயர் நுனியில் மூன்று கலர்தான் எட்டிப் பார்த்தன. பிரவுன், ப்ளூ, மஞ்சள் கோடு போட்ட பச்சை.

எங்கள் எலக்ட்ரீஷியன் முருகேசன் தூத்துக்குடிக்காரர். அன்று உடுமலையில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டார். "வேலைய முடிச்சிட்டு வந்துருதேன் சார், அதுவரை யாரும் தொடாதீங்க" என்றார் போனில்.

தொடாதே என்றால் நாம் என்ன செய்வோம்? அதேதான்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு – அந்த அளவுக்கு அறிவு உண்டு – சுவரில் இருந்த பழைய போர்டைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு, மஞ்சள், ப்ளூ, கறுப்பு, பச்சை. அட, இதில் என்ன கஷ்டம்? பச்சைக்குப் பச்சை. ப்ளூவுக்கு ப்ளூ. பிரவுனுக்குக் கிட்டத்தில் வருவது சிவப்பு. மிச்சம் இரண்டும் சும்மா கிடக்கட்டும். திருப்பூரில் பிறந்தவனுக்கு கலர் மேட்ச் பண்ணச் சொல்லித் தர வேண்டுமா?

"பூங்கொடி, பத்தே நிமிஷம். நீ போய் மெஷின்ல உட்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா... இது எந்த பையரோட ப்ளூங்க?"

"ஒயருக்கு ஏது பையர்? ப்ளூன்னா ப்ளூதான்."

"ஒருத்தரோட நேவி ப்ளூ வேற, இன்னொருத்தரோட நேவி ப்ளூ வேறங்க. பேரு ஒண்ணுதானேன்னு நம்பி, ஒரு லாட்டையே சாயம் போட்டுக் கெடுத்த கதையெல்லாம் நான் பார்த்திருக்கேனுங்க. போர்டு நம்மூரு, அதுவும் பழசு. மெஷினு வெளிநாடு. ரெண்டு பேரும் ஒரே ஷேட் கார்டைப் பார்த்தா ஒயர் போட்டாங்க?"

"மணியப் பாரு... கூரியர்?"

"மொதல்ல கையை எடுங்க."

எடுத்தேன். கோபம்தான். யாருக்காக இந்தப் பாடு? அவளுக்காகத்தானே! முதல் சாம்பிளே லேட் என்றால் பையிங் ஆபீஸில் மதிப்பார்களா? இது அவளுக்குத் தெரியாதா?

தெரிந்துதான் இருந்தது. போனை எடுத்தாள்.

"சார், பூங்கொடி பேசறேனுங்க. சாம்பிள் இன்னைக்கு வராதுங்க. நாளைக்குக் காலைல நானே கொண்டாந்து தர்றேனுங்க."

அவள் யாரிடமும் டைம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணத்தன்றே, ஷிப்மென்ட் போய்விட்டதா என்று மண்டபத்திலிருந்து போன் போட்டவள். இப்போது "சரிங்க... சரிங்க..." என்று முகம் சுருங்க போனை வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஆரம்பமே இப்படியா மேடம்னு கேட்டாங்க. கேட்டுட்டுப் போகட்டும்."

முருகேசன் வந்து சேர்ந்தபோது கூரியர் போயிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தவர் என்னைத்தான் முறைத்தார்.

"இது பழைய த்ரீ பேஸ் லைனுலா சார்! இதுல சிவப்பு, மஞ்சள், ப்ளூ மூணுமே கரண்டு வர்ற பேஸ். கறுப்புதான் நியூட்ரல். மெஷின்லயோ பிரவுன் பேஸ், ப்ளூ நியூட்ரல். ப்ளூவுக்கு ப்ளூ குடுத்திருந்தா ரெண்டு பேஸும் உள்ள பாஞ்சிருக்கும். நானூறு வோல்ட்டு சார்... டப்புனு போயிருக்கும். அதுல உக்காந்திருந்தவங்க கதி?"

'நீ போய் மெஷின்ல உட்காரு' என்று சொன்னது நான்தான். "மன்னிச்சுக்க" என்றேன் அவளிடம்.

"அட விடுங்க. மெஷினு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாங்க. உங்க கைக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா, அதே ஷேடுல இன்னொண்ணுக்கு நான் எங்க போவேனுங்க?"

உட்காரப்போனது அவள். அவள் பயந்ததோ என் கைக்காக.

முருகேசன் மெஷினின் ப்ளூவைக் கறுப்போடு சேர்த்தார், போர்டின் ப்ளூவுக்கு டேப் சுற்றி மூடினார். மெஷின் சமர்த்தாக ஓடியது. மறுநாள் காலையில் சாம்பிள் போனது. நேற்று போன் வந்தது – பாஸ்! ஆர்டர் சின்னதுதான். அதனால் என்ன? வீட்டில் கேசரி கிண்டினோம்.

துணியில் டேமேஜ் இருக்கிற இடத்தைக் காட்ட, செக்கிங்கில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பூங்கொடி அதில் ஒன்றை அந்தப் பழைய போர்டின் மேல் ஒட்டியிருக்கிறாள். இன்னொன்றை என் சட்டைப் பையின் மேல் ஒட்டினாள்.

"அப்ப நான் ரிஜெக்டா?" என்று கேட்டேன்.

"எக்ஸ்போர்ட்டுக்குத்தான் ஆகாதுங்க மாமா... லோக்கலுக்குப் போதும்."