அதே குற்ற எண்

நான் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் நேரத்துக்குச் சரியாக எங்கள் கூடத்தில் ஒரு கொலை நடந்துகொண்டிருக்கும். செருப்பைக் கழற்றும்போதே அந்த அலறல் கேட்கும். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். அடுத்து அரிசி ஆலையின் பெரிய கதவைச் சாத்துவான். அதற்கடுத்து நான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

கட்டிலில் சாய்ந்தபடி தினமும் டிவியில் இந்த ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என் மாமா, அதாவது என் கணவரின் அப்பா. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோனவர். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாய்க்குப் பயந்தே வேலைக்கு வைத்த ஆட்கள் எல்லாம் ஓடிப்போனார்கள். கடைசியாக வந்தவள் ஊட்டிக்கொண்டிருந்த இட்லித் தட்டை அவர் வயிற்றின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பல நாள் அப்படிப் போகத் தோன்றியிருக்கிறது.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். நான் அங்கேயே ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். "இன்னும் ரெண்டே வருஷம்" என்று சொல்லித்தான் போனார். அதை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். பகலில் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்வாள், மற்ற நேரமெல்லாம் நானும் மாமாவும்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள்.

அந்தப் படம் எங்கள் பக்கத்திலேயே எடுத்தது. தாமிரபரணிக் கால்வாய் ஓரத்து ஊர் ஒன்றில் அரிசி ஆலை வைத்திருப்பவன் தன் கூட்டாளியைக் கொன்று, நெல் அவிக்கும் தொட்டிக்கு அடியில் புதைத்துவிடுவான். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது மனைவி பார்த்துவிடுவாள். ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக் கொடுப்பாள். விடிந்ததும் போலீஸ் வரும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அவிய ராத்திரி எங்கயும் போவலையே, இங்கனதான் படுத்திருந்தாவ" என்பாள். அத்தோடு படம் முடிந்துவிடும். வந்த புதிதில் தியேட்டரில் அந்த இடத்துக்கு ஆரவாரம் செய்தார்கள். ஆரவாரம் தப்பித்துவிட்ட அவனுக்குத்தான், அவளுக்கு இல்லை.

மாமா போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த புகாரை எழுதுவது, சாட்சி சொல்வதை எழுதுவது, கேஸ் கட்டைக் கோர்ட்டுக்கு அனுப்புவது எல்லாம் அவர் வேலை. அதனால் கொலைப் படம் என்றால் அவருக்கு ஒரு முதலாளித்தனம் வந்துவிடும். அந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் வைத்திருப்பது முதல், மோப்ப நாய் வராதது வரைக்கும் குறை சொல்லிக்கொண்டேதான் பார்ப்பார். பார்க்காமலும் இருக்க மாட்டார்.

இத்தனை வருஷம் கழித்து அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று செய்தி வந்தபோது அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே. மஸ்கட்டிலிருந்து மகன் வருகிறான் என்றால்கூட அப்படி முகம் மலர்ந்ததில்லை.

"ஏம்மா, எல்லாப் பயலும் ரெண்டாம் பாகத்துல எங்கன தப்பு பண்ணுதான் தெரியுமா? புதுசா ஒரு கொலை வைக்கான். செத்தவனுக்கு ஒரு தம்பியக் கொண்டாரான். துப்பாக்கி வாங்குதான். அது வேற கேஸு. புது நம்பர் போட்டா அது வேற படம். ரெண்டாம் பாகம்னா அதே குற்ற எண்ணுல மேல் விசாரணை நடக்கணும். அன்னைக்கு ராத்திரியத்தான் திரும்ப நோண்டணும்."

எனக்கு அது பிடித்திருந்தது. அவர் சொல்லும் பல விஷயங்கள் எனக்குப் பிடிக்கும், சொல்லுகிற விதம்தான் பிடிக்காது. நான் பார்த்த இரண்டாம் பாகங்கள் எல்லாம் முதல் படத்தில் கைதட்டல் வாங்கிய இடங்களைப் பெரிதாக்கித் திரும்பச் செய்தவை. கத்தி இருந்த இடத்தில் அரிவாள், ஒரு கார் இருந்த இடத்தில் நான்கு கார். சரியான இரண்டாம் பாகம் கைதட்டல் விழாத இடத்துக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். சட்னி அரைத்துக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

"மேல் விசாரணைன்னா யாரக் கூப்பிடுவிய மாமா?"

செத்தவன் வீட்டாரை என்றார். ஆலையில் மூட்டை தூக்கினவர்களை என்றார். தொட்டிக்குப் பூச்சு வேலை பார்த்த கொத்தனாரைக் கண்டிப்பாக விசாரிக்க வேண்டும் என்றார்.

"அந்தப் பொம்பளைய?"

"அவ என்னத்துக்கு? அவதான் சொல்லிட்டாளே."

மிக்ஸியைத் தேவைக்கு மேலேயே ஓட்டினேன். ஸ்டேஷனில் அதுதான் வழக்கமாம். வீட்டுப் பெண் ஒரு முறை சொல்லிவிட்டால் அதை எழுதி முடித்துவிடுவார்கள். அவளை மறுபடியும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை. என் வீட்டிலும் இந்த மரியாதைக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கணவர் வீடியோவில் வருவார், "ஒனக்கு ஒண்ணும் செரமம் இல்லல்லா?" என்பார். அதில் பதிலும் சேர்ந்தே இருக்கும். நான் "ஒண்ணும் இல்ல" என்பேன். அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில் எனக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்திருந்தது. காலியிடங்கள் எல்லாம் தூரத்தில், தருமபுரிப் பக்கம். போன முறை வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறையும் கொடுத்தால் ஓய்வு பெறுகிற வரைக்கும் இதே பள்ளிக்கூடத்தில் இதே பாடத்தை நடத்தவேண்டியதுதான். அதற்கான கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று தெரியும். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவள் முதலில் மாமாவின் கட்டிலைத்தான் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

படம் வெளியான மறுநாள் பகல் காட்சிக்கு மகள் சென்னையிலிருந்தே டிக்கெட் போட்டுவிட்டாள். மாமாவை வேட்டி சட்டை மாற்றி, ஆட்டோவில் ஏற்றி, வண்ணார்பேட்டைப் பாலத்து நெரிசலைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. தியேட்டர்க்காரப் பிள்ளைகள் சக்கர நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அவர் அவர்களையும் அதட்டினார்.

முதல் பாதி அவர் எதிர்பார்த்த மாதிரியே போயிற்று. நாலு வழிச் சாலைக்காக அந்த ஆலையை இடிக்கிறார்கள், எலும்பு கிடைக்கிறது. ஆலைக்காரன் இப்போது கிழவன், ஊரில் பெரிய மனுஷன். ஒவ்வொரு சாட்சியாக வாயை அடைத்துக்கொண்டே வருகிறான். விசில் பறந்தது. மாமா என் முழங்கையைத் தட்டித் தட்டி, "பாத்தியா, அதே நம்பருதான்" என்றார்.

இடைவேளைக்கு அப்புறம் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்கு வருகிறாள். முதல் படத்தில் மனைவியாக வந்த அதே நடிகைதான் இதிலும். முகமெல்லாம் சுருக்கம், தலை நரைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்கிறாள்: "நீங்க அன்னைக்குச் சொன்னது இருக்கட்டும்மா. நீங்க என்ன பாத்திய?"

அவள் உடனே கொலையைச் சொல்லவில்லை. அன்றைக்கு என்ன குழம்பு வைத்தாள் என்று சொன்னாள். அந்தத் துண்டைத் துவைத்துத் துவைத்தும் தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருப்பதைச் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்தவன் திரும்பிப் படுத்தாலே பயந்து விழித்துக்கிடந்த ராத்திரிகளைச் சொன்னாள். "கேட்டா சொல்லிருப்பேன். யாரும் கேக்கல" என்றாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. பின்னாலிருந்து ஒருத்தன் கொட்டாவி விட்டான், இன்னொருத்தன் "சண்டை எப்பம் வரும்" என்றான். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் அவனைக் கைது செய்கிறார்கள். கொலையை மறைத்ததற்காக அவளையும் கைது செய்கிறார்கள். ஒரே ஜீப்பில், அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கொண்டுபோகிறார்கள்.

வெளியே வந்தவர்கள் முதல் பாகத்தின் கால் தூசிக்கு ஆகாது என்று பேசிக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இன்றைக்கும் கேட்டால் இதைத்தான் ஒரு படி மேலே வைப்பேன். உண்மையைச் சொன்ன உடனே அவளுக்கு விடுதலை கொடுத்து, ஆற்றங்கரையில் நடக்கவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தால் வீட்டுக்கு வந்து மறந்திருப்பேன். இந்தப் படம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. முதல் படத்தில் அவன் எப்படித் தப்பித்தான் என்று பார்த்தோம். யாரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தப்பித்தான் என்று இதில்தான் தெரிந்தது. அது தெரிந்த பிறகு பழைய படத்தையும் பழையபடி பார்க்க முடியாது. நல்ல இரண்டாம் பாகம் என்றால் முதல் பாகத்தையே மாற்றிவிட வேண்டும்.

ஆட்டோவில் மாமா பேசவே இல்லை. அவர் பேசாமல் வந்தது எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் டிவியைப் போடச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க, சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது கூடத்தில் ஒரு சத்தமும் இருக்காது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவர் வீடியோவில் வந்தார். அப்பாவுக்குப் பசி எடுக்கிறதா, மாத்திரை மாற்றினார்களா என்று எல்லாம் கேட்டுவிட்டு, "ஒனக்கு ஒண்ணும் செரமம் இல்லல்லா?" என்றார்.

"செரமமாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் பதவி உயர்வைச் சொன்னேன். திங்கட்கிழமை கலந்தாய்வு என்பதைச் சொன்னேன். போகப் போகிறேன் என்று சொன்னபோது என் குரல் வகுப்பில் கத்துகிற மாதிரி வந்தது.

"போன தடவ மாதிரி எழுதிக் குடுத்துரலாம்லா? இன்னும் ரெண்டு வருஷம்தான். அப்பாவ யாரு பாக்க?"

"போனக் கொண்டா" என்றார் மாமா கட்டிலிலிருந்து.

முகத்துக்கு நேரே பிடித்தேன். 

"ஏலே, அவ போனா நான் உசுரோட இருக்க மாட்டேன். நெசம் அதான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதைச் சொல்லவா போனைக் கேட்டார்? கையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர் முடிக்கவில்லை.

"அதுக்காக அவகிட்டயே கேட்டுட்டு இருக்கியே, அவ என்ன செய்வா? ஒங்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. இப்பம் கேக்கேன். நீ எப்பம் வார?"

கணவர் வாயைத் திறந்தார். அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற மாசம் என்றார். விசா என்றார். அப்புறம், "இங்க நெட்டு சரியில்லப்பா, பொறவு கூப்பிடுதேன்" என்றார். நெட்டு நன்றாகத்தான் இருந்தது, அவர் நெற்றி வேர்ப்பது வரைக்கும் தெரிந்தது. திரை அணைந்தது.

மாமா அவமானப்பட்ட மனுஷன் மாதிரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. நான் அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன். சோறு பொங்கும்போது கூப்பிட்டார்.

"வரமாட்டான்" என்றார்.

"தெரியும் மாமா."

"நீ கேக்கப்போற ஊருக்கு இங்கேருந்து ரயில் உண்டுமா?"

"சேலம் போயி மாறணும்."

 நெல்லைச் சீமையை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியிராத மனுஷன். வேறு ஊர்த் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பவர்.

"படி இல்லாத வீடாப் பாரு" என்றார். "என்னைய யாரு தூக்க."

நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே அளவுக்கு ஓவென்று கத்தவும் தோன்றியது. பல மாதமாக அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் ஓர் அறையும், சாயங்காலம் அதில் நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பதும்தான் மனசில் வரும். யாரும் கூப்பிடாத அறை அது. இப்போது அந்த அறைக்குள் அவருடைய கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் ஜன்னல் காற்று வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.