பூர்மாகானைத் திருப்பிப் படுக்கவைத்தவள்

பேய் என்று யாராவது சொன்னால் நான் முதலில் அவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பேன். நரின் மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போகிற நர்ஸ் நான். படுக்கையில் கிடப்பவர்கள் என்னென்னவோ பார்ப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கும், பெரும்பாலும் மருந்தும் இருக்கும். அப்படிப்பட்ட நான்தான் சொல்கிறேன். இது நடந்தது.

பூர்மாகான் அம்மாவுக்கு எலும்புவரை பரவிய புற்றுநோய். கூடவே ஞாபகமறதி. பல நாள் வலிக்கிறது என்று சொல்லக்கூடத் தெரியாது. சுருங்குகிற புருவத்தையும் போர்வையை இறுக்குகிற விரல்களையும் பார்த்து, நான்தான் புரிந்துகொண்டு மார்ஃபின் சொட்டு கொடுப்பேன். பிழைக்க வைக்க முடியாது. வலியில்லாமல் அனுப்பி வைக்கலாம்.

வீட்டில் மகன் எசென், மருமகள் கிம்பாத். மகள் சாய்ரா மாஸ்கோவில் வேலை பார்க்கிறாளாம். "போன் பண்றாளா?" என்று ஒருமுறை கேட்டேன். கிம்பாத் அடுப்புக்கு வறட்டி எடுக்கப் போய்விட்டாள்.

அதுவே எனக்கு உறுத்தியது.

ஜனவரியில் ஒரு நாள் போனபோது அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கெண்டைக்காலின் கீழ் மடித்த போர்வை, குதிகால் மெத்தையில் படாதபடி. பழகிய கை செய்த வேலை. அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

"நீயா திருப்பிப் போட்டே?"

"நான் இப்பதான் மாட்டுக்கொட்டாயிலேருந்து வர்றேன்" என்றாள் கிம்பாத். "ஏன் நர்ஸக்கா, போலீஸ் வேலையும் சேர்த்துப் பாக்குறீங்களா?"

பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் கொடியில் ஒரு துண்டு தொங்கியது. வெளியே எல்லாமே உறைந்து கிடக்க, அதிலிருந்து மட்டும் ஆவி பறந்தது. யாரோ அப்போதுதான் வெந்நீரில் பிழிந்து போட்டிருக்க வேண்டும். வீட்டில் அம்மாவைத் தவிர யாருமில்லை...

அந்த வாரம் அம்மாவின் புத்தி திடீரென்று மோசமானது. பிதற்றல். காற்றில் எதையோ பிடிக்கிற கை. நான் இல்லாத வேளைக்கு அளந்து வைத்துவிட்டுப் போகிற சொட்டு மருந்தைக் கிம்பாத் கூட்டிக் கொடுக்கிறாளோ? சீக்கிரம் முடியட்டும் என்று நினைக்கிறாளோ? கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை. பனியில் வண்டி சிக்கி, நான் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் ஒருத்தி, எனக்கு முதுகு காட்டியபடி, அம்மாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அம்மா முனகவில்லை. சொட்டு கொடுத்து நான் திருப்பினாலே முனகுகிறவள்.

"யாரும்மா நீ?"

"மக."

"மாஸ்கோவிலிருந்தா?"

"அங்க வயசானவங்களைப் பாத்துக்குற வேலைதான். வலது குதிகாலைப் பாருங்க. மூத்திரத்தையும் சோதிக்கச் சொல்லுங்க. இது மறதி மட்டும் இல்ல."

குனிந்தேன். கம்பளிக் காலுறையைக் கழற்றினேன். குதிகாலில் கறுத்த புண். சீழ் நாற்றம்.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

அந்தக் கதவைத் தோளால் இடித்தால்தான் திறக்கும். ஊருக்கே கேட்கும். கேட்கவில்லை...

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் மூச்சு புகைந்தது.

அப்போதும் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான். பால் வாளியோடு வந்த கிம்பாத்திடம், குதிகால் அழுகுவதை நாத்தனார் மாஸ்கோவிலிருந்து வந்து சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவள் வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"யாரு உங்ககிட்ட சொன்னது?"

சாய்ரா இலையுதிர் காலத்திலேயே இறந்துவிட்டாள். மூடி பற்றவைத்த துத்தநாகப் பெட்டியில் வந்தாள். அப்படியே புதைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் சாவுச் செய்தியை வாயில் வந்தபடி சொல்லிவிட முடியாது. பெரியவர்கள் கூடி, தாங்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். நோயாளிக்கு அதையும் தள்ளிப்போடுவார்கள். அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை, வெளியூர்க்காரியான எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் பார்த்ததைச் சொன்னபோது எசென் என்னை நம்பவில்லை. எங்கோ கேள்விப்பட்டு அம்மாவின் காதில் போட்டுவிட்டேன், அதனால்தான் அவள் பிதற்றுகிறாள் என்றான். இனி இந்த வாசல் மிதிக்கக் கூடாது என்றான்.

"என்னைத் திட்டிக்கோ தம்பி" என்றேன். "ஆனா நான் வரலைன்னா சொட்டு நின்னுபோகும். உங்கம்மா கத்திக் கத்திச் சாவாங்க."

பிறகு, அடுத்த வெள்ளி பெரியவர்களைக் கூட்டி முறைப்படி சொல்லிவிடுவது, அதுவரை நான் வரலாம், அதற்குப் பிறகு வேறு நர்ஸ் என்று முடிவானது.

மூத்திரத்தில் கிருமி இருந்தது. டாக்டர் மருந்து எழுதினார். வயதானவர்களுக்குப் புத்தி திடீரென்று கலங்கினால் முதலில் கிருமியைத் தேட வேண்டும். எனக்குத் தெரிந்த பாடம்தான். கிம்பாத் மேலிருந்த சந்தேகத்தில் அதை விட்டுவிட்டேன். நாலைந்து நாளில் அம்மா தெளிந்தாள். கிம்பாத்தைப் பெயர் சொல்லி அழைத்து உப்புப் போட்ட பால் டீ கேட்டாள்.

பெரியவர்கள் வந்தார்கள். இரண்டு பெண்கள் அம்மாவை இருபுறமும் தாங்கினார்கள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், கூட்டை விட்டுப் பறந்த பறவை என்று ஆரம்பித்தார்.

"சாய்ரா செத்தது தெரியும்" என்றாள் அம்மா. "அவளே வந்து சொல்லிட்டா. நர்ஸு மேல பழி போடாதீங்க."

தாங்கியிருந்த இரண்டு பெண்களும் பிடியை விட்டார்கள்.

"பெட்டிய ஏன் திறந்து பாக்கலன்னு கேட்டா. அதுல இருக்கிறது அவ இல்லையாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோய்தான் பேசுகிறது என்று நான் சொல்ல வேண்டும். ஆனால் காலையில்தான் சோதித்தேன். காய்ச்சல் இல்லை. கிழமைகூடச் சரியாகச் சொன்னாள்.

எசென் தலை குனிந்துகொண்டான். நாளைக்கும் வாங்கக்கா என்று மட்டும் சொன்னான்.

பிப்ரவரியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி மூச்சுவரை புருவம் சுருங்கவில்லை. மகள் கல்லறையை ஒட்டியே புதைத்தார்கள். பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பனி உருகியதும் தெற்கே ஓஷ் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர்கள் மகளும் மாஸ்கோவில்தான் இறந்தாள். சாய்ராவின் பெட்டி வந்த அதே விமானத்தில்தான் அவள் பெட்டியும் வந்தது. அவர்களும் திறக்கவில்லை. பூர்மாகானின் ஊரில் ஒரு கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள் என்று அந்தத் தாயைக் கேட்டேன்.

"என் பொண்ணுதான்" என்றாள். "சாயங்காலமானா வந்து நிப்பா. பேச மாட்டா. பிப்ரவரியிலதான் முதல்முதலா பேசினா... தான் படுத்திருக்குற இடத்துக்குப் பக்கத்துல புதுசா ஒரு கிழவி வந்திருக்காளாம். பேரு பூர்மாகானாம், இந்த ஊராம். 'நீ யார் வீட்டுப் பொண்ணு'ன்னு கேட்டாளாம்."