முழம் போட்டு அரிந்த விறகு

பாரிஸ் புறநகரான பொண்டியில் அண்ணா வாங்கிய வீட்டின் காஸ் கொதிகலன் இலையுதிர்காலத்தின் நடுவில் செத்துப்போனது. பார்க்க வந்தவர் அதில் ஒரு சிவப்பு எச்சரிக்கைச் சீட்டை ஒட்டி, குழாயை மூடிவிட்டு, புதியது பூட்ட வசந்தம் ஆகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணிக்கு டிசம்பரில் பிள்ளை பிறக்க இருந்தது.

அம்மாவும் நானும் பாரிஸ் நகருக்குள், லாச்சப்பலில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். நான் லிப்ட் பராமரிப்புத் தொழில்நுட்பர். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. எங்கள் அந்த வீட்டில் வைத்துத்தான் அம்மா தன் தீர்ப்பைச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியாலை நேரை இஞ்சை வரட்டும். பச்சைப்பிள்ளையையும் பிள்ளைப்பெத்தவளையும் அந்தக் குளிர் வீட்டுக்கை விட நான் என்ன விசரியே?"

அண்ணி மாமியாருக்கு முன் குரல் உயர்த்துபவர் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை. "என்ரை பிள்ளை முதல் முதலா என்ரை வீட்டுக்குத்தான் வரவேணும் மாமி" என்று மட்டும் சொன்னார். வன்னியில் பிறந்தவர் அவர். பிறந்த நாளிலிருந்து மற்றவர் காணியிலும், முகாமிலும், வாடகை அறையிலும் இருந்தே வளர்ந்தவர். சொந்த வீட்டுச் சாவி அவர் கையில் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பிறகு சமையலறைக்குள் வந்து என் கையைப் பிடித்தார். "மச்சாள், நீங்கள் மெஷின் படிச்சனீங்கள். என்னவாவது செய்யுங்கோ."

எந்தச் சிக்கலையும் நான் வரிசையில் போட்டுத்தான் யோசிப்பேன். மின்சாரச் சூடாக்கிகள்: இரண்டை ஒன்றாகப் போட்டால் அந்தப் பழைய வீட்டின் மின்னிணைப்பு தாங்காது, முழு வீடும் இருட்டாகும். புதிய மின்கம்பிகள்: குளிருக்கு முன் நடக்காது. மிச்சம் இருந்தது, முன்னையவர்கள் முன் அறையில் விட்டுப்போன வார்ப்பிரும்புக் கணப்பு. கண்ணாடிக் கதவு போட்டு மூடி எரிக்கும் வகை. அதன் புகைபோக்கி படுக்கையறைச் சுவருக்குள்ளால் மேலே போகிறது, ஆகவே அந்த அறையும் சூடாகும். ஆள் பிடித்துப் புகைபோக்கியைத் துப்புரவு செய்வித்தேன். கதவின் கயிற்று அடைப்பை மாற்றினேன். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் தேவை: காய்ந்த விறகு. அதுதான் கிடைக்கவில்லை. தறித்த மரம் இந்த நாட்டுக் காற்றில் காய இரண்டு வருடம் எடுக்கும். விற்க வருவதோ பாதி ஈரம்.

லாச்சப்பல் மளிகைக் கடையின் வான் ஓட்டும் மட்டக்களப்பு அண்ணையிடம் பலகைத் தட்டுகள் கேட்கப் போனேன். சாமான் வந்திறங்கும் அந்தப் பலட்டுகள் கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கும். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"விறகா? திரான்சில நான் அரிசி குடுக்கிற ஒரு ஐயாட வளவுக்குள்ள பெரிய மரமே தறிச்சுக் கிடக்கு புள்ள. புயலுக்கு விழுந்தது. கன காலம்."

அந்த ஐயா புதுச்சேரிக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு மகளிடம் தெற்கே போக இருந்தார். கொட்டகைக்குள் ஓக் மரக் குத்திகள் மீற்றர் நீளத்தில் அடுக்கியிருந்தன. ஒன்றைக் கோடரியால் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் குத்தினேன்.

"என்னம்மா, மரத்துக்கு ஜுரம் பாக்குறியா?"

"ஜுரம் இல்லை ஐயா. நல்ல சுகமாய் இருக்கு." பதினாறு வீதம் காட்டியது. இருபதுக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம்.

"எடுத்துக்கிட்டுப் போ. ஆனா செவ்வாய்க்கிழமை நோத்தேர்கிட்ட வீட்டுப் பத்திரத்துக்குக் கையெழுத்து. அன்னைக்கு ழார்தேன் சுத்தமா இருக்கணும். ஒரு கட்டை பாதி கட்டைன்னு விட்டுட்டுப் போகக் கூடாது, சொல்லிட்டேன்." ழார்தேன் என்று அவர் சொன்னது தோட்டத்தை.

அண்ணா லாச்சப்பலில் உணவகச் சமையல்காரர். அவருக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. ஆகவே எங்களுக்கு இருந்தது அந்த ஒரு திங்கள். நான் லீவு போட்டேன். விடிந்ததும் மட்டக்களப்பு அண்ணையின் வானோடு ஒபர்வில்லியேயில் கருவிகள் வாடகைக்கு விடும் இடத்தில் நின்றோம். சங்கிலிவாள், மாற்றுச் சங்கிலி, வெட்டுப்படாத காற்சட்டை, காதுமூடி, சில்லு வைத்த விறகு பிளக்கும் இயந்திரம். கடைக்காரர் எல்லாவற்றையும் அண்ணாவைப் பார்த்தே விளக்கினார். அண்ணாவும் பெரிய ஆள்போல் தலையாட்டினார். எண்ணெய் மட்டம் எங்கே பார்ப்பது என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு கடைக்காரர் என் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான்.

திரான்சியில் பிளக்கும் இயந்திரத்தோடு முதல் சண்டை. அதில் இரண்டு பிடிகள் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் அமத்தினால்தான் ஆப்பு கீழே இறங்கும்.

"இரண்டு கையும் இதைப் பிடிச்சால் கட்டையை ஆர் பிடிக்கிறது?" என்றார் அண்ணா.

"ஒருத்தரும் பிடிக்கக்கூடாது எண்டுதான் இரண்டு கை."

"ஒரு பிடியைக் கயித்தாலை கட்டிவிட்டால் சுகமாய் வேலை செய்யலாம்."

"கட்டு. நாளையிலையிருந்து ஒரு கையாலை கொத்துரொட்டி போடு."

மட்டக்களப்பு அண்ணை சிரித்த சிரிப்பில் அண்ணா கயிற்றைத் திரும்ப வானுக்குள் எறிந்தார்.

முதல் சுற்றை நானே அரிந்து காட்டினேன். மீற்றர் குத்தியில் இரண்டு வெட்டு, மூன்று துண்டு. ஒரு துண்டு முப்பத்துமூன்று சென்ரிமீற்றர்; கணப்பின் கதவு பூட்ட அதுதான் அளவு. அந்த நீளத்துக்கு ஒரு கம்பும் வெட்டி அண்ணாவின் கையில் கொடுத்தேன். பிறகு வானில் முதல் பாரத்தை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு அண்ணையும் நானும் பொண்டிக்குப் போனோம். வான் முழுக்கக் கறிவேப்பிலை வாசம். தோட்டத்துச் சுவரோடு பலட்டுகளை மட்டம் பார்த்து வைத்து, விறகை இறக்கிவிட்டுத் திரும்ப நல்ல நேரம் எடுத்தது.

திரும்பி வந்தபோது அண்ணா வியர்த்து விறுவிறுத்து, வெற்றி வீரரைப்போல வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். கொட்டகையில் குத்திகள் அநேகமாக முடிந்திருந்தன. நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வேகம். கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் அரை மீற்றர்.

"அண்ணா, கம்பு எங்கை?"

"அது மெஷினுக்கை போட்டுது. விறகாய்ப் போச்சு. பிறகு நான் முழம் போட்டு அரிஞ்சனான்." முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீட்டிக் காட்டினார். "ஒரு வெட்டிலை இரண்டு துண்டு. உன்ரை கணக்கெண்டால் இரண்டு வெட்டெல்லோ? நான் பாதி வேலை மிச்சம் பிடிச்சிருக்கிறன்."

"இது கணப்புக்கை போகாது."

"ஏன் போகாது? அடுப்பிலை விறகு வைக்கிற மாதிரித்தானே. முன்பக்கம் எரிய எரிய உள்ளுக்கை தள்ளிவிடுறது."

அவருடைய கை அதைத்தான் பழகியிருந்தது. எங்கள் அடுப்புகளுக்குக் கதவு கிடையாது. விறகின் வால் வெளியே நிற்கும், சமைக்கிறவர் காலாலோ கையாலோ தள்ளிக்கொண்டே இருப்பார். அங்கே முழம் நல்ல அளவுதான்.

"கதவு பூட்டவேணும் அண்ணா. பூட்டாட்டி புகை முழுக்க வீட்டுக்கை. பிள்ளை கிடக்கிற வீட்டுக்கை."

அவர் வாளை மெல்லக் கீழே வைத்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஏச மனம் வரவில்லை.

கோப்பிக் கோப்பையோடு படியில் நின்ற ஐயா, "மதாம் இஞ்சினியர் கோவமா இருக்காங்க போலருக்கு" என்றார்.

"கோவம் இல்லை ஐயா, யோசிக்கிறன்."

உண்மையில் யோசித்தேன். பொழுது சாய்ந்தால் இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டும். தோட்டம் வெறுமையாக வேண்டும். திரும்ப அரிய அங்கே நேரமில்லை. பிளப்பதற்கு நீளம் ஒரு பொருட்டல்ல. ஆகவே முழத்துண்டுகளாகவே பிளந்து பொண்டிக்குக் கொண்டுபோவது, பிளக்கும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது, சங்கிலிவாளை மட்டும் வார முடிவுவரை வைத்திருப்பது என்று தீர்மானித்தேன். அண்ணா இரண்டு பிடிகளையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிளந்தார். நான் தள்ளுவண்டியில் ஏற்றினேன். வான் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் ஐயாவே விளக்குமாறு எடுத்து மரத்தூளைக் கூட்டினார். "சே பீனி", முடிந்தது, என்று வெறும் தோட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்த மாலைகளில் நான் ஒரு மரச்சட்டம் செய்தேன். ஒவ்வொரு துண்டாகப் பிடித்து அரிந்தால் அந்தக் குவியலுக்கு நாட்கள் போதாது. ஒரு கட்டாக அரிந்தால் போதும். ஒரு பலட்டின் மேல் இரண்டு சோடி நிமிர்ந்த கட்டைகள். ஒரு முனையில் தடுப்புப் பலகை. விறகைப் பலகையோடு முட்ட அடுக்கி, சுமை கட்டும் பட்டியால் இறுக்கினால் எல்லாம் ஒரே குத்தியாகிவிடும். முப்பத்துமூன்றாவது சென்ரிமீற்றரில் மட்டும் ஒரு இடைவெளி. அதற்குள்ளால் வாள் இறங்கும்.

சனிக்கிழமை காலை அதைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தபோது, அன்று மாலை வேலைக்கு மாறியிருந்த அண்ணா சுற்றிவந்து பார்த்தார். "உதென்னடி, பாடை மாதிரிக் கிடக்கு?"

"வாயைக் கழுவுங்கோப்பா!" அண்ணி யன்னலுக்குள்ளிருந்து கத்தினார். "பிள்ளை வரப்போற வீட்டிலை கதைக்கிற கதையே?"

மட்டக்களப்பு அண்ணை பட்டியை இறுக்கினார். நான் வாளை இறக்கினேன். மரத்தூள் விசிறி அடித்தது. வாள் கடைசித் துண்டைத் தாண்டி வெறும் காற்றைத் தொட்டபோது நிறுத்தினேன். பட்டியைத் தளர்த்தினோம். ஒரே நீளத்தில், ஒரே முகத்தோடு, விறகு வரிசையாகச் சரிந்தது.

அண்ணா வாயைத் திறந்துகொண்டு நின்றார். "எடி, பாண் வெட்டின மாதிரியெல்லோ வெட்டிப்போட்டாய்!"

அடுத்த கட்டை அரிய வாளை அவரே கேட்டு வாங்கினார். பிறகு வாளை எவருக்கும் கொடுக்கவில்லை. மத்தியானச் சோற்றுக்கு முன் முழுக் குவியலும் முடிந்தது. வெட்டி விழுந்த சின்னத் துண்டுகளுக்கு அண்ணா குட்டிகள் என்று பெயர் வைத்தார். அவை வீண் போகவில்லை. அடுப்பு மூட்டும்போது பெரிய விறகுக்கு முன்னால் உடனே பற்றுவது அவைதான். "பாத்தியோ, முழம் போட்டபடியாலைதான் இது கிடைச்சது" என்று அண்ணா சொல்லத் தொடங்கியபோது, அன்றைய வேலையைக் கருதி விட்டுவிட்டேன்.

அடுக்குவதில் மட்டக்களப்பு அண்ணையோடு சின்ன வாக்குவாதம். அவர் நீலத் தறப்பாளை எடுத்துக்கொண்டு வந்து, குவியலை நிலம்வரை போர்த்துக் கட்டத் தொடங்கினார்.

"நாலு பக்கமும் மூடாட்டி நனைஞ்சிரும் புள்ள."

"பக்கம் நனைஞ்சால் காத்து காயவைக்கும் அண்ணை. மூடிக்கட்டினால் உள்ளுக்கை வேர்க்கும்."

"அப்ப, கூரை மட்டும்?"

"கூரை மட்டும்."

கூரை என்றதும் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் சரிவு விட்டு, ஓரங்களில் குட்டிகளைச் சுருட்டி முடிச்சுப் போட்டு, கயிற்றை இழுத்துச் சுண்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அடித்த காற்றில் பக்கத்து வீட்டுத் தோட்டக் குடை வீதிவரை பறந்தது. எங்கள் தறப்பாள் சத்தம்கூடப் போடவில்லை.

பனி உறையத் தொடங்கிய நாட்களில் கணப்பை எரித்துப் பழகினேன். குட்டிகள் முதலில், மேலே விறகு, கதவைப் பூட்டி, காற்றுத் துவாரத்தைப் பாதியாக்குவது. கண்ணாடி கறுக்கவில்லை. காய்ந்த விறகுக்கு அதைவிடச் சான்று வேண்டாம். படுக்கையறைச் சுவரில் அண்ணி கையை வைத்துப் பார்த்துவிட்டு, கட்டிலை அந்தச் சுவர் பக்கமாக நகர்த்தச் சொன்னார்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விடுவதற்கு முதல் நாள் அம்மா அண்ணாவின் வீட்டைப் பரிசோதிக்க வந்தார். தான் கண்ணால் பார்க்காமல் விடுவதாக இல்லை. லாச்சப்பலில் புறப்படும்போதே சேலைக்கு மேல் இரண்டு சுவெற்றர், அதற்கு மேல் கோட், மப்ளர், கம்பளித் தொப்பி, கையுறை. வந்தவர் நேரே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். நானும் கதிரையில் உட்கார்ந்தேன்.

முதலில் கையுறை போனது. பிறகு தொப்பி. மப்ளரைக் கழற்றி மடியில் வைத்தார். கோட்டைக் கழற்றியபோது என்னைப் பார்க்கவில்லை. முதலாவது சுவெற்றர் கழன்றதும் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்.

"இஞ்சை என்ன, வவுனியா வெயிலே எறிக்குது?"

"குறைக்கட்டோ அம்மா?"

"ஏன் குறைக்கிறாய்? உன்னை ஆரும் கேட்டவையே?"

இரண்டாவது சுவெற்றரையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு ரெலிபோனை எடுத்தார். அண்ணி மறுமுனையில் வந்ததும் அம்மா குசலம் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"பிள்ளை, நேரை உன்ரை வீட்டுக்கே வா. நான் இஞ்சைதான் நிக்கிறன், பெத்த உடம்புக்குச் சரக்குத் தண்ணி வைக்கோணும்."

உன்ரை வீட்டுக்கே. அந்தச் சொல்லை அம்மா வாயால் கேட்க நான் ஒரு ஓக் மரத்தை முழுதாக இடம் மாற்றியிருந்தேன். முன் அறைக்குப் போய், எவரும் பார்க்காத இடத்தில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கினேன்.

மறுநாள் வீதியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. அண்ணா காரை வாசலோடு கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணி பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். முன் அறையின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நெருப்பு கண்ணாடிக்குள் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அம்மா ஓடிவந்து பிள்ளையின் போர்வைக்கு மேல் இன்னொரு போர்வையைச் சுற்றினார்.

"வேண்டாம் மாமி," என்றார் அண்ணி. "தொப்பியையும் கழட்டுங்கோ. பிள்ளைக்கு வேர்க்குது."

அம்மா தான் சுற்றிய போர்வையை எடுத்தார். பிறகு பிள்ளையின் தொப்பியைக் கழற்றினார். கறுத்த முடி நிறைந்த சின்னத் தலை அந்த வீட்டுச் சூட்டுக்குள் வெளியே வந்தது.

"எடியே, விறகு முடியுது!" என்று அண்ணா கணப்புக்குப் பக்கத்திலிருந்து கத்தினார். முடியவில்லை, கூடையில் அரைவாசி இருந்தது. ஆனாலும் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய், தள்ளுவண்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தேன்.