பெங்களூர்க் கல்யாணத்துக்குப் போகாமல் தருமபுரிக்குப் போனோம்

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பென்னாகரம் பக்கத்தில் வாத்தியார் கிடைக்கவில்லை. ஆனாலும் இந்தப் பயணம் உங்களில் யாருக்காவது தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

என் தங்கச்சி மகள் திவ்யா ஏழாவது படிக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். கேட்டைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப்போகும். டீச்சர் கவனித்து ஊர் நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, தருமபுரியில் பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் சொல்லிவைத்தார்.

சித்தப்பா மகன் மாது பதறினான். "தருமபுரி வேணாங்கண்ணா. பஸ்ஸு பூரா நம்ம சனம். பெங்களூரு போயிருங்க, கேட்டா கல்யாணம்னு சொல்லிக்கலாம்."

இதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மனசுக்கு வைத்தியம் என்றால் ஓசூர் தாண்டிக் 'கல்யாணத்துக்கு'ப் போவார்கள். அந்தக் கணக்குப்படி பெங்களூரில் வருஷம் முழுக்க எங்கள் ஊர் முகூர்த்தம்தான்.

"கால் ஒடஞ்சா ஒளிச்சா வெக்கறோம்?" என்று கேட்டேன். மாது திண்ணையை விட்டு இறங்கிப் போய்விட்டான். காட்டு யானையே என்னைப் பார்த்து ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறது, மாது எம்மாத்திரம்.

தங்கச்சி கூலி வேலைக்குப் போயாக வேண்டும், அதனால் நான் கிளம்பினேன். பென்னாகரத்தில் காலை எட்டு மணி டவுன் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், அதனால் திவ்யாவுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும்தான். வேண்டுமென்றே முன் சீட்டில் உட்கார்ந்தோம். பின்னால் ராஜாமணி அக்கா. மகன் குமாரைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி பெங்களூர்க் கல்யாணங்களுக்குப் போகிறவர்.

"எங்க தம்பி, மாமனும் புள்ளயுமா?"

"மனசு டாக்டரப் பாக்கறதுக்குங்க்கா" என்றேன், டிரைவருக்கும் கேட்கும்படி. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். திவ்யா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

தருமபுரியில் அந்த வைத்தியம் பார்க்கிற இடத்தில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். கவுன்சிலர் அம்மா, எங்களுக்கு முன்பே வந்திருந்த டீச்சர், நர்ஸ், நாங்கள். பிள்ளையைச் சுற்றி இருக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் அந்த இடத்து முறை. திவ்யாவிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பிரமாதமாகப் பதில் சொன்னேன். யானை விஷயத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவளைப் பார்த்து, "திரும்பப் பள்ளிக்கூடம் போவணும்னா என்ன பண்ணாத் தேவலம்மா?" என்றார். பிறகு காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். நர்ஸ் என் கையில் டீ டம்ளரைத் திணித்தார்.

"கதவோரமா உக்காரணும். படபடன்னு வந்தா, கேக்காம வெளிய போவணும்" என்றாள் திவ்யா. கொஞ்சம் கழித்து, "மாமா எனக்குப் பதிலாப் பேசக் கூடாது."

கதவோர இடத்துக்கு டீச்சர் பொறுப்பு. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வர நர்ஸ் பொறுப்பு. தினமும் கேட் வரை வாயை மூடிக்கொண்டு கூட நடப்பது என் பொறுப்பு. இருந்ததிலேயே கஷ்டமான வேலையை ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். காலையிலேயே போய்விடுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். டீச்சரையும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். பஸ்ஸில் யாரிடம் என்ன சொல்லலாம் என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள், நான் கேட்காமல் விட்டேன். ஆனால் ஒளிந்து போகாதீர்கள். திருட்டா செய்தோம்?

திரும்பும் பஸ்ஸிலும் பின் சீட்டில் ராஜாமணி அக்கா. "என்ன தம்பி, டாக்டரு என்ன சொன்னாங்க?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன். யானை முன்னால் நின்றதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

திவ்யா துப்பட்டாவை இறக்கினாள். "படபடப்புக்கு வைத்தியம் பாக்கறோங்க பெரிம்மா. அடுத்த மாசமும் போவோம். குமாரும் வரட்டுங்க. பெங்களூரு ரொம்ப தூரம்."

அக்கா முறைத்தார். வழியில் பஸ் இண்டூரைத் தாண்டியது. பிறகு முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டார். "என்னிக்குப் போவணும் கண்ணு?"

எனக்கு நாள் தெரியும். சொல்லவில்லை. அவளே சொன்னாள்.