செல்வி கேட்ட முடிவு

போடிமெட்டில் ஏலக்காய் தரம் பிரிக்கும் எங்களுக்குக் கதைதான் துணை. ஒருநாள், முந்தின நாள் நான் அழுதுகொண்டே பார்த்த படத்தைச் சொன்னேன். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி கறுப்பின இளைஞனை விரும்புகிறாள்; ஊரே அவளை ஒதுக்குகிறது. “பாவம்!” என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

மதியம் வட்டமாக உட்கார்ந்து குழம்பைப் பகிர்ந்துகொண்டோம். செல்வி மட்டும் வழக்கம்போல மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாகச் சாப்பிட்டாள். தோட்டத்தில் வேலை செய்யும் ஜார்க்கண்ட்காரரை அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் குழம்பை நாங்கள் தொட்டதில்லை. அன்று நான் எழுந்து தூக்குவாளியோடு அவளிடம் போனேன்.

நகர்ந்து இடம் கொடுத்தாள். “அந்தப் பொண்ணு கடைசியில என்னக்கா ஆனா?”

“ரெண்டு பேரையும் ஊரு பிரிச்சு விட்ருச்சு, ஆத்தா.”

“எங்களப் பிரிக்க முடியாதுக்கா” என்று சிரித்தபடி தன் குழம்பை என் சோற்றில் ஊற்றினாள்.

படத்தில் வந்த அந்த ஊரில் நானும் ஒருத்தி. செல்வி அதை இன்றுவரை சொல்லிக்காட்டியதே இல்லை.