நெல் மூட்டைகளுக்கு முன்னால் பழகிய எதிர்வெட்டு

ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மட்டக்களப்பு நகரில் ஓர் உள்ளக விளையாட்டு மண்டபம். வெளியே மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வாவியைத் தாண்டி அனலாக அடித்துக்கொண்டிருந்தது. மேற்கு யன்னலை நான் இரண்டு தரம் சாத்தினேன். இரண்டு தரமும் யாரோ திறந்துவிட்டார்கள். புள்ளிப் பலகையில் எட்டுக்கு மூன்று. எட்டு, திருகோணமலைப் பெண்ணுக்கு. மூன்று, நான் பயிற்சி கொடுத்த சுகந்திக்கு.

முதலில் பதினைந்து எடுப்பவர் மாகாணத்தின் சார்பில் தேசியப் போட்டிக்குப் போவார். வாள்வீச்சில் சேபர் என்ற வெட்டு வாள் பிரிவில், பெண்களுக்கு ஒரே ஓர் இடம்தான். சுகந்திக்கு வயது இருபத்தேழு. வவுணதீவில் ஒரு மருந்துக்கடையில் காசாளராக இருந்தாள். தேசியப் போட்டி ஆவணியில். ஐப்பசியில் அவள் வேலைக்குக் கட்டார் போகிறாள், விசா வந்துவிட்டது. அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை.

கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு பன்னிரண்டு வருடம் வாள்வீச்சுப் பயிற்றுநராக இருந்தவன் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அன்று நடந்ததை எழுதுகிறேன்.

1. தரை

சேபரில் வாள் பட்டால், உடுப்பில் மாட்டிய வயர் வழியாகத் தொட்டவரின் லைட் எரியும்; இருவரும் ஒன்றாகத் தொட்டால் இரண்டு லைட்டும் எரியும். அப்போது தாக்கி வந்தவருக்கே நடுவர் புள்ளி கொடுப்பார். எதிரி பாய்ந்து வரும்போது தடுக்காமல், அவரை இடையில் வெட்டுவது கவுண்டர் அட்டாக். நாங்கள் எதிர்வெட்டு என்போம். நாம் முந்தி வெட்டி, எதிரியின் வாள் படுமுன் விலகிவிட்டால் நம் லைட் மட்டும் எரியும். ஓர் இமைப்பொழுது பிந்தினாலும் புள்ளி எதிரிக்கு. குனிந்து, சரிந்து, முன்கையில் வெட்டிவிட்டுத் தப்புவது பார்க்க அழகு. அதனாலேயே எனக்கு அது பிடிக்காது. பாதிக்கு மேல் வீணாகும் ஒன்றை எந்தப் பயிற்றுநர் விரும்புவார்?

ஆனால் எங்கள் தரை அதைத்தான் வளர்த்தது. அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் ஏறாவூர் ஹனீபாவுக்கு வவுணதீவில் ஒரு நெல் களஞ்சியம் இருந்தது. பின்னேரங்களில் அதன் சீமெந்துத் தரையில் பழகுவோம். முறையான களம் பதினான்கு மீற்றர். வயல் வட்டைகளில் அறுவடை முடிந்து நெல் வந்திறங்கினால் எங்களுக்கு மிஞ்சுவது ஒன்பது. இரண்டு பக்கமும் மூட்டை அடுக்கு. பின்வாங்க இடமில்லாதவர்கள் நின்று வெட்டப் பழகினார்கள்.

“மாஸ்டர், உங்கட ஆக்கள் மூட்டையைக் கிழிச்சா நெல்லுப் பொறுக்கிறது நீங்கதான்,” என்பார் காக்கா. ஆனால் யாராவது குனிந்து வெட்டினால் முதலில் கைதட்டுபவரும் அவரே. “இதுதான் ஆட்டம்! மத்ததெல்லாம் வரம்புல நண்டு ஓடுற மாதிரி.”

போட்டிக்கு முன் சுகந்தியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: எதிர்வெட்டு வேண்டாம், பின்வாங்கு, எதிரியின் வெட்டு எட்டாமல் குறையும்போது தடுத்துத் திருப்பி அடி.

2. ஒரு நிமிடம்

ஒருவர் எட்டை எட்டியதும் ஒரு நிமிட இடைவேளை. நான் அவளுடைய வயரைப் பிடித்துப் பார்த்தேன். பழுதில்லை. பழுது வேறிடத்தில். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் ஐந்து மீற்றர் இருந்தும், பாதியிலேயே ஒவ்வொரு தரமும் அவள் கால் நின்றுவிட்டது. அங்கே நின்றுகொண்டு அடி வாங்கினாள்.

“ஏன் நடுவில நிக்கிறாய்? பின்னுக்கு இன்னும் இடம் கிடக்கு.”

“கண்ணுக்குத் தெரியுது சேர், காலுக்குத் தெரியல்ல. முதுகுல மூட்டை முட்டப்போற மாதிரிக் கிடக்கு.”

பின்வரிசையிலிருந்து காக்கா கத்தினார்: “அந்த மூட்டையெல்லாம் போன கிழமையே வித்துப்போட்டன் புள்ள!”

சுகந்தி சிரிக்கவில்லை. “அந்த இடத்தில கால் நிக்கத்தான் போகுது சேர். நிண்ட இடத்திலயே வெட்டட்டா? நான் இன்னும் பின்னுக்குப் போவன் எண்டு நினைச்சுத்தான் அவ கையை நீட்டாம ஓடி வாறா.”

“பாதிக்கு மேல வீணாப் போகும்.”

“நீங்க சொன்னபடி செஞ்சும் மூண்டுதானே எடுத்திருக்கன்?”

“சரி, வெட்டு,” என்றேன். “வெட்டினாப் பிறகு பாத்துக்கொண்டு நிக்காத. விலகு.”

3. எரியாத லைட்

முதல் எதிர்வெட்டு பிந்திவிட்டது. இரண்டு லைட், புள்ளி எதிரிக்கு. இரண்டாவதும் அப்படியே. பத்துக்கு மூன்று. நான் மறுபடியும் யன்னலைச் சாத்தப் போனேன். பின்னால் கைதட்டல் கேட்டுத் திரும்பினால் சுகந்தியின் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான இடத்தில் சட்டென்று நின்று, இடப்பக்கம் சரிந்து முன்கையில் வெட்டியிருக்கிறாள். பாய்ந்து வந்தவளின் வாள் வெறும் காற்றில் போயிருக்கிறது.

இன்னொன்றும் அப்படி விழுந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. திருகோணமலைப் பெண் முன்போல ஓடி வரவில்லை. முன்கையை ஒளித்துக்கொண்டு அரை அரை அடியாக வந்தாள். வருகிறவள் தயங்கினால் தாக்கும் உரிமை கைமாறும். சுகந்தி அதை எடுத்துக்கொண்டு முன்னேறினாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறின. இடையிடையே எதிர்வெட்டையும் விடவில்லை, சில போயின. ஒருமுறை அவளுடைய தாக்குதலைத் தடுத்து எதிரி புள்ளி எடுத்தாள். இப்படியே பதினான்குக்குப் பதினான்கு.

கடைசிப் புள்ளிக்கு மண்டபமே அந்தச் சரிவை எதிர்பார்த்தது. எதிரியும் எதிர்பார்த்தாள், இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். சுகந்தி சரியவுமில்லை, பின்வாங்கவுமில்லை. நேராகப் பாய்ந்து தோளில் அடித்தாள். ஒரே லைட்.

காக்கா கோபமாக இறங்கி வந்தார். “எங்க மாஸ்டர் நம்மட வெட்டு? கடைசியில சரியவே இல்லையே!”

முகமூடியைக் கழற்றியபடி சுகந்தி சொன்னாள்: “அதுக்குப் பயந்துதான் காக்கா அவ நிண்டா.”

பயிற்றுநர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பதற்றத்தில் கை நீட்டுவது எதிர்வெட்டு அல்ல, அதைத் தடுங்கள். இடத்தைத் தெரிந்தெடுத்து வெட்டுகிறவரைத் தடுக்காதீர்கள். விழுந்த வெட்டுகளை மட்டும் வைத்து அதை எடை போடவும் வேண்டாம். அதற்குப் பயந்து எதிரி பாதியில் நிறுத்திய தாக்குதல்கள் எந்தப் பலகையிலும் ஏறுவதில்லை. அன்று இடைவேளைக்குப் பிறகு சுகந்தி எடுத்தது பன்னிரண்டு புள்ளி. எட்டு எதிர்வெட்டில் நேராக விழுந்தவை மூன்று. மற்ற ஒன்பதும் எதிரியின் தயக்கத்தில் கிடைத்தவை. அந்தத் தயக்கத்தை வாங்க நாங்கள் கொடுத்த விலை, ஐந்து புள்ளி.