பெட்டியில் விழாத ஞாயிற்றுக்கிழமைகள்

ஸ்கெல்பெக் ஊரில் தேவாலயத்தைச் சேர்ந்த தூய எதெல்வின் பள்ளியைப் பற்றி ரொவீனா சக்டனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பதினொரு ஆண்டுகளாக அதன் சமையற்கூடத்தில் வேலை. எந்த ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார், எவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடிவிடுவார் என்பது அவளுக்கு அத்துப்படி. புதிதாகச் சேர்ந்த பிள்ளை எத்தனை நாள் தனியாகச் சாப்பிடுகிறது, மூன்றாம் வாரம் யார் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் பரிமாறும் மேடையில் நின்றாலே தெரிந்துவிடும். அவளுடைய வீடும் பள்ளி மைதானத்து வேலிக்கு எதிர்ப்புறம்தான். மகள் மார்த்தா படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஹாக்கிப் பந்து அடிபடும் சத்தம் கேட்கும்.

அந்த மார்த்தாவுக்கு அடுத்த செப்டம்பரில் அங்கே இடம் வேண்டும். அவ்வளவுதான் ரொவீனாவின் ஆசை.

அக்டோபரில், புதிதாகச் சேர்க்க நினைக்கும் குடும்பங்களுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் மாலை வந்தது. ரொவீனாவுக்குத் தேநீர் மேடை. மழையில் நனைந்த கோட்டுகளோடு மக்கள் வரிசையாக வந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பையன் நீலச் சுடர் ஏற்றிக் காட்டினான். தேவாலயப் பாடகர் குழு நடைக்கூடத்தில் பாடியது. சிறு குறிப்பேடு ஒன்றோடு ஒருவர் மனைவியுடன் மேடைக்கு வந்தார். லீட்ஸ் நகரத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களாம்.

"நீங்க இங்க வேலை செய்யறவங்கதானே? உள்ளதச் சொல்லுங்க. பள்ளிக்கூடம் நல்லதா?" என்றாள் அந்த மனைவி.

"எதுல நல்லதுன்னு கேக்கறீங்க?"

"எல்லாத்துலயும்தான்."

"அறிவியல் நல்லா சொல்லித் தராங்க. ஒரு பிள்ளைய இன்னொரு பிள்ளை வதைச்சா ரெண்டே நாள்ல தெரிஞ்சு, கூப்பிட்டு விசாரிக்கறாங்க. அது பெரிய விஷயம். கணக்குல ஒரு வாத்தியார் சரியில்ல, பேரு சொல்ல மாட்டேன். சாப்பாடு நல்லா இருக்கும், ஏன்னா நான் செய்யறேன்."

கணவர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். "தேர்வு முடிவெல்லாம் ரொம்ப மேல இருக்கே, என்ன ரகசியம்?"

ரொவீனா கோப்பையை நீட்டினாள். "இலவசச் சாப்பாடு வாங்கற ஏழைப் பிள்ளைங்க இங்க எண்ணூத்தி இருபதுல முப்பத்தொம்பது. ஊருக்கு அந்தப் பக்கம் நெதர்கேட் பள்ளியில மூணுல ஒரு பிள்ளை வாங்குது. அரிசிய நல்லா சலிச்சு எடுத்துட்டுப் பொங்கினா பொங்கல் நல்லாத்தான் வரும். பொங்கினவளப் பாராட்டறதா, சல்லடையப் பாராட்டறதா?"

குறிப்பேட்டுக்காரரின் பேனா நின்றுவிட்டது. அவர் மனைவி, "அப்போ நாங்க தேவாலயத்துக்குப் போகணுமா?" என்றாள் மெல்ல.

"மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, ரெண்டு வருஷம். இன்னிக்கே ஆரம்பிச்சாலும் உங்களுக்குப் பத்தாது. சின்னவன் இருந்தா அவனுக்கு ஆகும்."

ஊருக்கே பழகிப்போன ஏற்பாடு இது. தேவாலயத்தின் பின்வரிசைக்கருகே ஒரு மரப்பெட்டி. வழிபாட்டுக்கு வரும் பிள்ளை தன் கையால் பெயரும் தேதியும் எழுதி ஓர் அட்டையை அதில் போட வேண்டும். நாற்பத்தெட்டு அட்டை சேர்ந்தால் பாதிரியார் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார். விண்ணப்பம் போகும் அக்டோபர் வரை இருக்கைகள் நிரம்பி வழியும். நவம்பரில் முதல் ஞாயிறு பாதி காலியாக இருக்கும். ஒன்பது வயதில் வந்து பதினொன்றில் போகும் பக்திக்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். போன கோடையில் மாற்றிய கூரையும் பெரும்பாலும் அரசுப் பணம். கோயிலுக்குப் போகாதவனும் வரி கட்டுகிறான். கதவின் சாவி மட்டும் பெட்டிக்குள் இருக்கிறது.

தலைமையாசிரியர் ஆஸ்பினால் அரங்கில் பேசினார். உயரமான, இனிமையான மனிதர். "எங்க வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கு" என்று இரண்டு முறை சொன்னார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். அரங்கின் ஓரத்தில் காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ரொவீனா கையைத் தூக்கினாள்.

"ஊழியர் பிள்ளைங்களுக்கு முன்னுரிமைன்னு விதியில இருக்கே சார். சமையக்கட்டு அதுல சேருமா?"

அவர் முகத்தில் புன்னகை மாறவில்லை. "ரொவீனா, உங்க சேவைய நாங்க ரொம்ப மதிக்கறோம். ஆனா நீங்க உணவு நிறுவனத்தோட ஊழியர். பள்ளியோட ஊழியர்னா சம்பளப் பட்டியல்ல..."

"பதினொரு வருஷமா உங்க அடுப்புலதான் சார் நிக்கறேன். நிறுவனத்துக்காரங்கள நான் ரெண்டு தடவதான் பார்த்திருக்கேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆஸ்பினால் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஒரு கதவு மூடியது. ஆனால் ரொவீனா அதை நம்பி இருக்கவில்லை. அவளிடம் இன்னொரு கணக்கு இருந்தது.

ஞாயிறுதோறும் காலை ஏழிலிருந்து இரண்டு வரை ஹாத்தார்ன் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. கணவன் காலின் ஞாயிறும் லாரி ஓட்டப் போவதால், மார்த்தாவையும் கூட்டிக்கொண்டு போவாள். மாதம் இரண்டு ஞாயிறு, தேவாலயத்தில் வழிபாடு முடிந்ததும் பாதிரியார் நைஜல் நேராக அந்த இல்லத்துக்கு வருவார். அதே அங்கி, அதே ஜெப நூல், அதே அப்பமும் திராட்சை ரசமும். ரொவீனா பதினோரு கிழவிகளையும் இரண்டு கிழவர்களையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் சேர்ப்பாள். மார்த்தா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பாள். பார்வை போன திருமதி ஹெப்டனுக்கு ஒவ்வொரு வரியாக முன்னாலேயே காதில் சொல்வாள். கிழவி பின்னாலேயே பாடுவாள். ரொவீனாவுக்குக் கடவுள் விஷயத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பாடினாள். மூன்று வருடமாகப் பாடினாள். வழிபாடு வழிபாடுதானே, பாதிரியார் நம்மைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று இருந்துவிட்டாள். முதியோர் இல்லத்தில் பெட்டி கிடையாது. அட்டையும் கிடையாது. அதைக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

விண்ணப்பத்தோடு தேவாலய அலுவலகத்துக்குப் போனபோதுதான் இடி விழுந்தது.

"அட்டை ஒண்ணுகூட இல்லையே ரொவீனா," என்றார் நைஜல். நல்ல மனிதர், கையைப் பிசைந்துகொண்டார்.

"நீங்க என்னப் பார்த்தீங்கல்ல பாதிரியாரே? மார்த்தா கையில அப்பத் தட்டயே குடுத்தீங்களே போன ஈஸ்டருக்கு?"

"பார்த்தேன். ஆனா பள்ளி நிர்வாகக் குழு விதி, ஆலயத்துல வழிபாடுன்னு இருக்கு. அதோட நீங்க அங்க... வேலைக்கு வந்தவங்க."

"நீங்களும் வேலைக்குத்தானே வந்தீங்க!"

அவர் காது சிவந்தது.

"உங்க பின்வரிசையில உக்காந்து ஃபோன் பாக்கறாங்களே, அவங்க பக்திக்கு வந்தவங்களா? சொல்லுங்க. அந்த ஹெப்டன் அம்மாவ யார் தள்ளிட்டு வந்தா? எம் பொண்ணு சொல்லிக் குடுக்கலன்னா அந்தம்மா பாடியிருக்குமா?"

நைஜல் எழுந்து கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு வெற்று அட்டைகளை எடுத்து அவள் முன் வைத்தார். "பழைய தேதி போட்டு எழுதச் சொல்லுங்க. பெட்டியில நானே சேர்த்துடறேன். யாரும் எண்ணிப் பாக்க மாட்டாங்க. நீங்க முதல் ஆளும் இல்ல."

கடைசி வார்த்தை அவளை அறைந்தது. முதல் ஆள் இல்லையாம்! அட்டைகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"எழுதிட வேண்டியதுதான? இதுல என்ன யோசனை?" என்றான் காலின், பூட்ஸைக் கழற்றியபடி. "ஊரே பண்ணுது. நெதர்கேட்டுக்குப் போக ரெண்டு பஸ் மாறணும் ரொவீனா. மழையில நிக்கப் போறது உன் கொள்கையா, நம்ம பொண்ணா?"

சாப்பாட்டு மேசையைத் துடைத்து அட்டைகளைப் பரப்பினாள். மார்த்தாவைக் கூப்பிட்டு நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்தாள். தேதியை அவள் சொல்ல, மார்த்தா எழுதினாள். அழகான கையெழுத்து. ஏழு அட்டை ஆயிற்று. எட்டாவதில் பேனா நின்றது.

"அம்மா, ஜூலை ரெண்டாவது ஞாயிறு நாம விட்பி கடற்கரையில இருந்தோமே. அப்பா நண்டு வாங்கித் தந்தாரே."

"ஆமா கண்ணு. சும்மா எழுது."

"இதுல 'நான் ஆலயத்தில் இருந்தேன்'னு போட்டிருக்கு."

"தெரியும்."

"அப்போ நான் பொய் சொன்னாத்தான் சாமி பள்ளிக்கூடத்துல சேத்துக்குவாங்களா?"

பிள்ளை கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். காலின் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். ரொவீனா மகளின் விரலிலிருந்து பேனாவை எடுத்தாள். ஏழு அட்டைகளையும் கிழித்துக் குப்பையில் போட்டாள். விண்ணப்பத்தின் வெற்றிடத்தில் தன் கையாலேயே எழுதினாள்: ஹாத்தார்ன் இல்லத்தில், மாதம் இரண்டு ஞாயிறு, மூன்று ஆண்டு, தங்கள் பாதிரியார் நடத்திய வழிபாட்டில், பதின்மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு வந்து, நாங்கள் இருந்தோம்.

"போச்சு," என்றான் காலின். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மார்ச் முதல் தேதி முடிவு வந்தது. நெதர்கேட். அவள் பரிமாறும் மேடையில் கஸ்டர்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. படித்துவிட்டு அடுத்த தட்டுக்கு ஊற்றினாள். மேல்முறையீட்டுக்குப் போனாள். மூன்று பேர் குழு. நடுவில் வெள்ளைத் தலை அம்மாள்.

"வருகை அட்டை வாங்க நீங்க முயற்சி செஞ்சீங்களா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"குடுத்தாங்க மேடம். ஒரு கட்டு. பழைய தேதி போட்டுக்கலாம்னாங்க. பொய் எழுதணுமான்னு எம் பொண்ணு கேட்டா, கிழிச்சுப் போட்டுட்டேன்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் தலைநிமிர்ந்து பார்த்தார். வெள்ளைத் தலை அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது இந்த முறையீட்டுக்குத் தொடர்பில்லாதது, எழுத வேண்டாம்" என்றாள்.

"அப்போ எதுதாங்க தொடர்பு?" என்றாள் ரொவீனா. பதில் கடிதமாக வந்தது. விதிகள் முறையாகவே பின்பற்றப்பட்டன என்று ஒரே ஒரு வாக்கியம். பொய் எழுதியிருந்தால் முறையாக இருந்திருக்கும். உண்மை எழுதியதால் முறையாகத் தோற்றாள்.

பள்ளிகளின் சேர்க்கை விதி நியாயமற்றது என்று நினைக்கும் எவரும் அரசு நியமித்த நடுவருக்கு எழுதலாம். மே பதினைந்துதான் கடைசி நாள். நூலகத்தில் உட்கார்ந்து சேர்க்கைச் சட்டத்தை வரிக்கு வரி படித்தாள். பெட்டி, அட்டை, சமையற்கூடம், முதியோர் இல்லம் எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதினாள். உறையை ஒட்டும்போது மார்த்தா எதிரே உட்கார்ந்து நெதர்கேட் பேருந்து நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஜெயிச்சா நான் அங்க போலாமா?"

"இல்லடா. இது அதுக்கடுத்த வருஷம் சேர்ற பிள்ளைங்களுக்கு."

"அப்போ நமக்கு என்ன?"

"நமக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கும்மா ராத்திரி பகலா எழுதற?"

ரொவீனா யோசித்தாள். மகளிடம் அழகாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். "கோவம்டா. அது அடங்கணும்."

"அடங்குமா?"

"எங்க அடங்குது!" என்றாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஐந்தரைக்குத் தபால்காரன் தெருமுனைத் தபால்பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்துவிடுவான். இருவரும் வேகமாக நடந்தார்கள்.